நல்ல பிள்ளையின் கடைவாய்ப் பல்

1

போர்ட் பிளேரின் ஹேடோ துறையில் நான் வந்து இறங்கி நேற்றோடு பதினோரு வருடங்கள் நிறைந்தன. அணா போய் நயா பைசா வந்த வருடம் நான் வந்தது. ஆண்டுதோறும் இந்த நாளில் டைரியில் இரண்டு பக்கம் ஒதுக்கி, போன வருடத்தின் சுருக்கத்தை எழுதுவது என் வழக்கம். மெயின்லேண்டிலிருந்து, அதாவது இந்தியக் கரையிலிருந்து, எத்தனை கப்பல் வந்தது, மழையில் சரக்கு இறக்க முடியாமல் போன நாட்கள் எத்தனை, வீட்டில் யாருக்கு எத்தனை நாள் காய்ச்சல், எல்லாம் அதில் இருக்கும். இந்த வருடமும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டுத் தயாராக உட்கார்ந்தேன். ஒரு வரி கூட எழுத வரவில்லை. என் மகள் ஜெயந்தியின் இரண்டு பற்களைப் பற்றி எழுதி முடிக்காமல் வேறு எதையும் எழுத முடியாது போலிருக்கிறது!

அந்த இரண்டு பற்களும் இப்போது அவள் வாயில் இல்லை. அதனால் சில வாரமாக எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரே இரைச்சல். நாற்பத்து நான்கு வயதில், துறைமுக ஸ்டோரில் கயிறும் பெயிண்ட் டின்னும் எண்ணுகிற நான், மாலையில் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வருகிறேன். இன்று அவள் என்ன தின்றாள், என்ன பேசினாள் என்று கேட்க அவ்வளவு அவசரம்.

என் ஊரான சாத்தூர்ப் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்கள், பல்லைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். ஐந்து வாரத்துக்கு முன்பு வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2

இங்கே ஒரு பழக்கம் உண்டு. ஊரிலேயே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மெயின்லேண்டிலிருந்து வந்து உத்தியோகம் பார்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பட்டியல் இருக்கும். ஊருக்கு லீவில் போகும்போது செய்ய வேண்டிய வேலைகள். எங்கள் வீட்டில் அது சமையலறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. கடிகாரத்துக்கு ஸ்பிரிங் மாற்ற வேண்டும். என் மூக்குக் கண்ணாடிக்குப் புதுச் சில்லு. மகன் சேகருக்கு இருக்கன்குடியில் முடியிறக்க வேண்டும். மனைவி மீனாட்சியின் இடுப்பு வலிக்கு மதுரையில் ஒரு வைத்தியர். இப்படிப் போகும்.

லீவு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. அதிலும் கப்பலில் இடம் கிடைக்க வேண்டும், விண்ணப்பம் மூன்று பிரதியில் மேலே போய் கீழே வர வேண்டும். எங்கள் லீவு இந்த முறை இரண்டு தடவை தள்ளிப் போனது. முதலில் கப்பல் பழுது பார்க்கப் போய்விட்டது. பிறகு ஸ்டோரில் சரக்குத் தணிக்கை வந்தது. பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே போனது.

என் பக்கத்து மேஜைக்காரர் பிரசாத் பாபு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவருடைய கொள்ளுத் தாத்தா கைதியாகக் கப்பலேற்றப்பட்டு வந்தவர். நான்கு தலைமுறையாக இந்தத் தீவுதான் அவர்களுக்கு ஊர். இங்கேயே டாலிகஞ்சில் சொந்த வீடு. அவர் இந்தியில் பேசுவதைத் தமிழில் தருகிறேன்.

"உங்க ஆளுங்க உடம்புக்கு வந்தாக்கூட டிக்கெட் கையில வந்தப்புறம்தான் படுக்கணும், இல்லையா பாபுஜி? எங்களுக்கு மெயின்லேண்டே கிடையாது. செத்தாலும் பிழைச்சாலும் இங்கேயே பார்த்துக்கிறோம்."

நான் சிரித்துவிட்டு என் லெட்ஜரைப் பார்ப்பேன். பட்டியலில் பதினான்காவது வரி: 'ஜெயந்தி, பல். மதராஸில் காட்ட வேண்டும்.' அதை எழுதி ஒரு வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. பட்டியலில் ஏறிவிட்ட விஷயம் பாதி முடிந்த விஷயம் என்பது என் எண்ணம். ஏறிய பிறகு அதைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை.

3

ஜெயந்திக்கு ஒன்பது வயது. அவளை நல்ல பிள்ளை என்று சொல்லாதவர் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒருவர் கூடக் கிடையாது.

ஊரிலிருந்து என் அக்கா கப்பலில் சேவும் கருப்பட்டி மிட்டாயும் அனுப்புவாள். பார்சல் வந்த அன்று வீடே திருவிழாதான். கயிற்றை அறுக்கும்போதே சேகர் பால் பானையைக் கண்ட பூனை மாதிரி தலையை உள்ளே விடுவான். ஜெயந்தி மட்டும் தள்ளி நிற்பாள். அவள் கையில் கொடுத்ததையும் தம்பி கையில் கொட்டிவிடுவாள். "பாருங்க, ஆறு வயசுப் பயலுக்கு விட்டுக் கொடுக்கிறா" என்று மீனாட்சி பூரித்துப் போவாள். அன்றைய டைரியில் நான் எழுதியிருக்கிறேன்: 'ஜெயந்தி தன் பங்குச் சேவு முழுவதையும் தம்பிக்குக் கொடுத்தாள். தாராள குணம்.' சிவப்பு மையால் அடிக்கோடு வேறு.

சாப்பிட உட்கார்ந்தால் கடைசியாக எழுந்திருப்பவள் அவள்தான். ஒவ்வொரு கவளத்தையும் ஒரு பக்கமாக ஒதுக்கி, சோற்றைக் குழம்பில் ஊறவைத்து, நிதானமாகச் சாப்பிடுவாள். பொறுமைசாலி என்றோம். சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மின்னி பே கடற்கரைக்கு நடந்து போவோம். அலையில் சேகர் குப்புற விழுந்து எழுந்து மணல் மீசையோடு நிற்பான், நாங்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிப்போம், இவள் மட்டும் உள்ளங்கைக்குள் சிரிப்பாள். அடக்கமான பெண் என்றோம். அக்காவுக்கு அதை எழுதியபோது பதில் வந்தது: 'பொண்ணுன்னா இப்படி இருக்கணும். தீவுக்குப் போயும் நம்ம வீட்டுப் பழக்கம் மாறல.'

ஒரே ஒரு குறைதான் எங்களுக்கு. அவள் தமிழ் குறைந்துகொண்டே வந்தது. நாலு வயதில் கதை கதையாகப் பேசிய பிள்ளை, இப்போது எதைக் கேட்டாலும் ஒற்றை வார்த்தையில் இந்தியில் பதில் சொன்னாள். இன்னும் கொஞ்சம் சோறு? "பஸ்." போதுமாம். விளையாடப் போகலையா? "நஹி." இல்லையாம். இந்தத் தீவில் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான், பள்ளிக்கூடமும் தெருவும் இந்திதானே என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஆனால் பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டால் வகுப்பு டீச்சர் தலையை ஆட்டினார். "வாயைத் திறப்பதே இல்லை. இவளுக்கு இந்தி வரவில்லை. வீட்டில் இந்தியில் பேசுங்கள்." தமிழும் போய், இந்தியும் வராமல், இந்தக் குழந்தை எந்தக் கரையில் நிற்கிறது என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

4

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை. காலை ஆறு இருபதுக்கு மீனாட்சி போட்ட சத்தத்தில் சவரக் கத்தியைக் கீழே போட்டுவிட்டேன்.

"ஏங்க! இங்க வாங்க, புள்ள மூஞ்சியப் பாருங்க!"

ஜெயந்தியின் வலது கன்னம் கண்ணுக்குக் கீழ் வரை வீங்கியிருந்தது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. கண் பாதிதான் திறந்தது. தொட்டால் கொதிக்கிறது. அவள் அழவில்லை. பாயில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள், ஏதோ தப்புச் செய்து அகப்பட்டுக்கொண்டவள் மாதிரி.

"எப்படி வலிக்குது கண்ணு?"

"தோடா தோடா" என்றாள். கொஞ்சம் கொஞ்சமாம்.

எங்கள் கப்பலுக்கு இன்னும் ஒன்பது வாரம் இருந்தது. லீவு உத்தரவு வந்துவிட்டது, மதராஸில் மீனாட்சியின் அண்ணன் நல்ல பல் டாக்டராகப் பார்த்து வைத்திருந்தார். எல்லாம் ஒழுங்காக ஏற்பாடாகியிருந்தது. மருந்துக் கடையில் வீக்கத்துக்கு ஏதாவது வாங்கி ஒன்பது வாரத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்து, அரை மணி பர்மிஷன் எழுதிக் கொடுக்க ஆபீஸ் போனேன். பிரசாத் பாபு விண்ணப்பத்தை எட்டிப் பார்த்தார்.

"மருந்துக் கடைக்கா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அங்கே பல்லுக்கு யார் இருக்கிறார்கள்?"

அவர் என்னை ஒரு விநோதப் பிராணியைப் போலப் பார்த்தார். பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து என் சரக்கு வரவுப் புத்தகத்தையே எடுத்து வந்து, பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்தார். என் கையெழுத்து. அழகான, சாய்வில்லாத கையெழுத்து: 'மரப்பெட்டி ஒன்று. உள்ளே பல் சிகிச்சை நாற்காலி ஒன்று, காலால் மிதிக்கும் துளைக் கருவியுடன். ஆஸ்பத்திரிக்கு. சேதமில்லை.'

"ஒரு மாசத்துக்கு முன்னாடி நீங்கதான் கையெழுத்துப் போட்டு இறக்கினீங்க. நாற்காலி மட்டும் தனியா வந்து என்ன பண்ணும்? அதே கப்பல்ல டாக்டரும் வந்தாரே!"

என் மகளின் வைத்தியம் எட்டு கூலிகள் தோளில் ஏறி என் மேஜையைத் தாண்டிப் போயிருக்கிறது. நான் எண் சரிபார்த்து அனுப்பியிருக்கிறேன்! அரை மணி பர்மிஷனைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு நாள் லீவு எழுதினேன். வேண்டுமென்றே பிரதி எடுக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டிருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

5

டாக்டர் வங்காளத்துக்காரர். இளைஞர். மெலிந்த உடம்பு, சுருட்டிய சட்டைக்கை. நாங்கள் நுழைந்தபோது அந்த நாற்காலிக்கு அவரே எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஜெயந்தியை ஏறி உட்காரச் சொல்லி, முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"எப்போதிலிருந்து வலி?"

"இந்த வாரந்தான்..." என்று மீனாட்சி இழுத்தாள்.

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்று நான் பையைத் திறந்து போன வருடத்து, இந்த வருடத்து டைரிகள் இரண்டையும் எடுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. இந்தக் கேள்விக்கு இவ்வளவு துல்லியமாகப் பதில் சொல்லக்கூடிய தகப்பன் போர்ட் பிளேரில் வேறு யார்? இந்தியில் மொழிபெயர்த்து வாசிக்க ஆரம்பித்தேன்.

"போன வருடம் சித்திரை, வியாழக்கிழமை. வலது கடைவாயில் வலி என்றாள். கிராம்பு வைத்தோம். பட்டியலில் சேர்த்தேன்.

"ஆனி, ஞாயிறு. இரவுச் சாப்பாடு முடிக்க நாற்பது நிமிடம். பொறுமைசாலி.

"ஆடி, செவ்வாய். ஐஸ் வேண்டாம் என்றாள். ஆசையை அடக்கத் தெரிந்த பிள்ளை.

"புரட்டாசி. ஸ்டோர் தராசில் நிறுத்தேன். ஆறு மாதத்தில் எடை ஏறவில்லை. உயரமாக வளர்கிற வயது போலும்.

"ஐப்பசி, வெள்ளி. பார்சல் வந்தது. தன் பங்குச் சேவு முழுவதையும்..."

அந்த இடத்தில் நிறுத்தி, முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். எழுதும்போது தனித்தனிப் பக்கங்களில் தனித்தனி விஷயங்களாக இருந்தவை, சேர்த்து வாசித்தபோது ஒரே விஷயமாக எழுந்து நின்றன. அது தாராள குணம் இல்லை. அவளால் கடிக்க முடியவில்லை. பொறுமை, அடக்கம், ஆசையை ஒடுக்குவது எல்லாமே ஒரு பல்தான். வாயைத் திறந்து நீளமாகப் பேசினால் வலிக்கிறது. அதனால் தமிழில் 'போதும்மா, இன்னைக்குப் பசி இல்ல' என்று சொல்லாமல் 'பஸ்' என்று முடித்துக்கொண்டாள். நான் அக்காவுக்கு எழுதிய புகழ்ச்சிகள் எல்லாம் என் மகளின் வலியைப் பற்றிய செய்திகள். எனக்கே தெரியாமல் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

"இவ்வளவு அழகாக எழுதி வைத்திருக்கிறீர்கள். ஒரு நாளாவது இவள் வாயைத் திறந்து உள்ளே பார்த்தீர்களா?"

இல்லை. நானும் பார்க்கவில்லை, மீனாட்சியும் பார்க்கவில்லை.

"பால் பல்தானே, விழுந்து முளைச்சிரும்னு இருந்துட்டோம்" என்றாள் மீனாட்சி.

அவர் எங்கள் இருவரையும் அருகே கூப்பிட்டு, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் வைத்துக் காட்டினார். கீழ் வரிசையில் வலது பக்கம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பல், கறுத்து, குழி விழுந்து, ஈறு சீழ் கட்டி நின்றது. "முன்னால் இருப்பது பால் பல். பின்னால் இருப்பது ஆறு வயதில் முளைத்தது. அது பால் பல் இல்லை. அறுபது வயது வரை இருக்க வேண்டிய பல். ஆறு மாதத்துக்கு முன்னால் யாராவது பார்த்திருந்தால் அடைத்துக் காப்பாற்றியிருக்கலாம்." பிறகு கேட்டார், சின்ன வயதில் டின் பால் கொடுத்தீர்களா என்று. கொடுத்தோம். இங்கே பசும்பால் கிடைக்கிற நாள் குறைவு. சர்க்கரைப் பாகு மாதிரி இருக்கும் அந்த டின் பாலை விரலில் தொட்டு நாக்கில் வைத்தால்தான் குழந்தை தூங்கும் என்று மூன்று வயது வரை பழக்கியிருந்தோம்.

நான் அப்போதும் ஒரு முயற்சி செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். "டாக்டர், ஒன்பது வாரத்தில் எங்களுக்குக் கப்பல். மதராஸில் ஏற்பாடு செய்திருக்கிறோம். அதுவரை வீக்கத்தைத் தணிக்க முடியுமா?"

"தணிக்கலாம். திரும்ப வரும். கடல் நடுவில் மூன்றாவது நாள் வந்து, சீழ் கழுத்துக்கு இறங்கினால் யார் பிடுங்குவார்? கேப்டனா?"

நான் பதில் சொல்வதற்குள் நாற்காலியிலிருந்து ஜெயந்தி பேசினாள். வீங்கிய வாயோடு, ஆனால் முழுசாக, தமிழில்.

"அப்பா, இங்கேயே எடுத்துரலாம்ப்பா. என்னால அவ்வளவு நாள் வெச்சிருக்க முடியாது."

"இவ்வளவு நாள் ஏண்டா கண்ணு சொல்லல?" என்றாள் மீனாட்சி.

"லிஸ்ட்ல எழுதிட்டீங்கள்ல. மெயின்லேண்ட் போற வரைக்கும் அதைப் பத்திப் பேசக்கூடாதுன்னு நெனச்சேன்."

மீனாட்சி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது. "எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்றேன். படிவத்தில் சம்மதக் கையெழுத்து வாங்கினார்கள். பதினோரு வருட உத்தியோகத்தில் நான் படித்துப் பார்க்காமல் போட்ட ஒரே கையெழுத்து அதுதான்.

6

உடனே எடுக்கவில்லை. நான்கு நாள் பென்சிலின் ஊசி போட்டு வீக்கத்தை வடியவிட்டு, சனிக்கிழமை காலை எடுத்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். மீனாட்சிதான் உள்ளே. கால் மணி நேரத்துக்குள் கதவு திறந்தது. ஜெயந்தி வாயில் பஞ்சைக் கடித்தபடி தானாகவே நடந்து வந்தாள். கை விரல்களில் இரண்டு என்று காட்டினாள். பிறகு பஞ்சோடேயே ஏதோ சொன்னாள், புரியவில்லை. மீனாட்சி மொழிபெயர்த்தாள்: "'இவ்வளவுதானா'ங்கிறா! டாக்டர்கிட்டயும் அதையே கேட்டா. அவரு சிரிச்சு சிரிச்சு இடுக்கியக் கீழ போட்டுட்டாரு."

மூன்றாவதாக இடது பக்கம் ஒரு பல்லில் சின்னப் பொத்தல். அதை அடுத்த வாரம் காலால் மிதித்து ஓட்டுகிற அந்தக் கருவியால் துளைத்து அடைத்தார். டாக்டர் மிதிக்க மிதிக்கத் தையல் மெஷின் மாதிரி சத்தம். பயந்து நடுங்கியது நான்தான்.

பல்லைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். சேகர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "யக்கா, உன் பல்லுக்குள்ள கொகை இருக்கு! நண்டு இருந்துச்சா?" என்று கேட்டான். அவள் வாய் விட்டுச் சிரித்தாள். கை வாய்க்குப் போகவில்லை. நான் கவனித்தேன், நன்றாகக் கவனித்தேன், போகவில்லை!

7

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை வரிசையாக எழுத முடியவில்லை, அவ்வளவு வேகமாக நடந்தது.

புண் ஆறிய பன்னிரண்டாம் நாள். மாலை ஐந்தரை. நான் கூடத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். சமையலறையிலிருந்து ஒரு சத்தம். மொறுக். மொறுக். பிறகு ஓர் அலறல்.

"அம்மா! அக்கா மேரா ஹிஸ்ஸா எடுத்துட்டா! திருடி!"

'என் பங்கை' என்கிறான் சேகர். ஒரு வருடத்துக்கு மேலாக இரண்டு பேர் சேவையும் தின்றுகொண்டிருந்த பையன். அது சட்டப்படி தனக்குச் சேர வேண்டியது என்றே வளர்ந்துவிட்டான். ஜெயந்தி டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அரிசி மூட்டை மேல் ஏறி நிற்கிறாள். வாய் நிறையச் சேவு.

"போடா! இது என்னோடது. நீ தின்ன வரைக்கும் போதும். வயித்தைப் பாரு, ஹேடோ குடோன் மாதிரி!"

"அப்பா, பாருங்கப்பா இவளை!"

நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். மீனாட்சி கரண்டியோடு வந்தவள், "விட்டுக் குடுடி, சின்னவன்ல" என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்து, பாதியில் தன் வாயையே மூடிக்கொண்டாள். பிறகு, "டேய், அவ தின்னட்டும். நீ அடுத்த கப்பல்ல வர்றதத் தின்னு" என்றாள்.

நல்ல பிள்ளை என்ற பெயர் ஒரே வாரத்தில் போய்விட்டது. ஜெயந்தி இப்போது மீன் துண்டுக்குச் சண்டை போடுகிறாள். பெரிய துண்டை எடுத்துச் சோற்றுக்குள் புதைத்து வைக்கிறாள். எட்டு நிமிடத்தில் தட்டைக் காலி செய்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வைம்மா, இவ்ளோ இல்ல, இன்னும், இன்னும், அந்த மூலையில இருக்குல்ல அதை" என்று நீட்டி முழக்குகிறாள். அவள் தமிழ் எங்கேயும் போகவில்லை, அவ்வளவும் உள்ளேதான் இருந்திருக்கிறது! கதைகள் எல்லாம் வருகின்றன. ஒரு தெலுங்குக்காரப் பெண்ணும் ஒரு வங்காளிப் பையனும் வகுப்பில் போட்ட சண்டையை மூன்று குரலில் நடித்துக் காட்டினாள், மூன்றும் இந்தியில், நடுவே விளக்கம் தமிழில். போன வியாழன் ஸ்டோர் தராசில் நிறுத்தேன். ஒரு கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறாள். பிரசாத் பாபு எடைக்கல்லை எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பாபுஜி, இப்போ இதையும் மெயின்லேண்ட் போய் நிறுத்துப் பார்க்கலாம்னு சொல்லாதீங்க!"

அறுபது வயது வரை இருக்க வேண்டிய அந்தப் பல் திரும்ப முளைக்காது. அவள் சிரிக்கும்போது அந்த இடைவெளி எனக்குத் தெரிகிறது. மற்றவர்களுக்குத் தெரியாது, அவ்வளவு உள்ளே இருக்கிறது. அது இல்லாமல் அவள் எப்படியெல்லாம் சமாளிக்கப் போகிறாள் என்று நினைக்கும் நேரங்கள் உண்டு. ஆனால் அந்த நினைப்பு ஒரு நிமிடம் நீடிப்பதற்குள் அவள் ஏதாவது பேசிக் கலைத்துவிடுகிறாள்.

8

முந்தாநாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம். ஜெயந்தியே கொண்டு வந்து கொடுத்துவிட்டு, கொடுத்த வேகத்தில் தெருவுக்கு ஓடிவிட்டாள். இந்தியில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"என்னங்க எழுதியிருக்கு?"

"'உங்கள் மகள் வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள். மற்றவர்களையும் பேச வைக்கிறாள். பாடம் நடத்த முடியவில்லை. கண்டித்துக் கீழே கையெழுத்திட்டு அனுப்பவும்.'"

மீனாட்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு தடவ படிங்க."

படித்தேன்.

"அந்த 'ஓயாமல்'ங்கிற எடத்த மட்டும் இன்னொரு தடவ."

மறுநாள், அதாவது என் பதினோரு வருடம் நிறைந்த நேற்று, மதிய இடைவேளையில் நானே பள்ளிக்கூடம் போனேன். அதே டீச்சர்தான். போன வருடம் வாயைத் திறப்பதில்லை என்று சொன்னவர். கல்கத்தாக்காரர், ஐம்பது வயதிருக்கும்.

"கண்டித்தீர்களா?"

"இல்லை டீச்சர்."

"கையெழுத்து?"

"அதுவும் போடவில்லை" என்று காகிதத்தை அப்படியே மேஜையில் வைத்தேன். வைத்துவிட்டு, பட்டியலில் எழுதியதிலிருந்து சேவு டின் வரைக்கும் நடந்ததைச் சொன்னேன். என் இந்தி அவ்வளவு நீளம் ஓடியதே இல்லை. ஒரு வருடமாக இந்தி வராத பெண் என்று மதிப்பெண் புத்தகத்தில் தான் எழுதியதை அவர் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் புத்தகத்தை எடுத்து, ஒரு முறை திறந்து, மூடி வைத்தார்.

"அப்படியானால் நான் என்ன செய்யட்டும்?"

"இன்னும் ஒரு மாதம் பேச விடுங்கள். அதற்கப்புறம் நானே கண்டிக்கிறேன்."

அப்போது பக்கத்து வகுப்பறையிலிருந்து பெரிய ஆரவாரம். இரண்டு பேரும் எழுந்து போய் வாசலில் நின்றோம். ஜெயந்தி பெஞ்சு மேல் ஏறி நிற்கிறாள். எதிரே பதினைந்து இருபது பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் முறை வந்ததும் வாயை ஆவென்று திறக்க, அவள் கன்னத்தை விரலால் விலக்கி உள்ளே எட்டிப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு டாக்டர் மாதிரியே தலையை ஆட்டுகிறாள்.

"உனக்கு நல்லா இருக்கு, போ. அடுத்து யாரு? தள்ளாதீங்க! உனக்குக் கறுப்பு இருக்கு. இன்னைக்கே உங்கப்பாகிட்ட சொல்லு. ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்னு சொன்னாங்கன்னா ஒத்துக்காதே."

அத்தனையும் இந்தியில், தடுமாற்றமில்லாமல்.

டீச்சர் அதட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதட்டவில்லை. கதவிலிருந்து என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்து, இடது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எனக்கும் ஒன்று இருக்கிறது. பூஜை லீவுக்குக் கல்கத்தா போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று, மூன்று வருடமாக... அந்த டாக்டர் எத்தனை மணி வரை இருப்பார்?"

"எட்டிலிருந்து பன்னிரண்டு வரை டீச்சர். ஞாயிறு கிடையாது. ஏழே முக்காலுக்குப் போனால் முதல் ஆளாகப் பார்த்துவிடலாம்."